ஆறேழு வாரத்து ஆல்ஃபும் இருபத்துநாலு வாரத்து ஆர்ச்சியும்

சின்னத்திரைச் சிரிப்பின் கதை – 11

1972-73 பருவத்தில் அமெரிக்கர்கள் அதிகம் பார்த்த நிகழ்ச்சிகளின் பட்டியலில் முதலிடம் சிபிஎஸ் ஒளிபரப்பிய 'ஆல் இன் த ஃபேமிலி'க்கு. இரண்டாமிடம் என்பிசியின் 'சான்ஃபர்ட் அண்ட் சன்'னுக்கு. முதலாவது, நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழும் ஒரு வெள்ளைக்காரத் தொழிலாளி வீட்டுக் கதை. இரண்டாவது, லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் கறுப்பினத் தகப்பன், மகன் கதை. பேச்சு, தெரு, சண்டை எல்லாமே அமெரிக்க மண்ணில் முளைத்தவை போலத்தான் இருந்தன. ஆனால் இரண்டுக்கும் விதை லண்டனிலிருந்து போனது. பிபிசியின் 'காமெடி பிளேஹவுஸ்' என்ற அரைமணி நேர வரிசையில் ஒற்றை நாடகங்களாகப் பிறந்தவைதான் இரண்டும்.

சென்ற இதழை 1961-இல் நிறுத்தியிருந்தோம். நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக் தன் எழுத்தாளர்கள் ரே கால்டனையும் ஆலன் சிம்ப்சனையும் விட்டு விலகிய ஆண்டு அது. காசநோய் விடுதியில் நோயாளிகளாகச் சந்தித்து நண்பர்களான அந்த இருவரிடமும் பிபிசியின் டாம் ஸ்லோன் ஒரு முழு வரிசையையே ஒப்படைத்தார். வாரத்துக்கு ஒரு புதுக் கதை; எதைப் பற்றி எழுதுவது, யாரை நடிக்க வைப்பது என்பது அவர்கள் விருப்பம். அப்படி 1962 ஜனவரி 5 அன்று ஒளிபரப்பானது 'தி ஆஃபர்'.

குதிரை வண்டியில் தெருத்தெருவாகப் போய்ப் பழைய துணியும் இரும்பும் சேகரிக்கும் தகப்பனும் மகனும்தான் கதை. லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், குப்பை குவிந்த ஒரு முற்றத்தில் குடியிருக்கிறார்கள். மகன் ஹெரால்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நல்ல இசை, நல்ல புத்தகம், நாலு பெரிய மனிதர்களின் பழக்கம் என்று அவனுக்கு ஆசைகள் உண்டு. கிழவன் ஆல்பெர்ட் அவனை விடுவதாக இல்லை. வேறிடத்தில் வேலை வந்திருக்கிறது, போகிறேன் என்று ஹெரால்டு தன் உடைமைகளை வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தரமாட்டேன் என்கிறான் கிழவன். மகன் தானே இழுத்துப் பார்க்கிறான். வண்டி அசையவில்லை. அவன் உடைந்து அழ, கிழவன் உள்ளே கூட்டிப் போகிறான்.

ஹெரால்டாக நடித்த ஹாரி எச். கார்பெட், ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். தீவிர நாடக நடிகர். அந்தக் கடைசிக் காட்சியில் அவருக்கு நிஜக் கண்ணீர் வந்தபோது எழுதியவர்களே திகைத்துப்போனார்கள். நகைச்சுவை நடிகர்களுக்கு எழுதிப் பழகிய கைகள் அவர்களுடையவை. நடிகர்களைக் கொண்டு ஆடினால் சிரிப்புக்கு அடியில் இப்படி ஒரு பள்ளம் இருக்கும் என்று அன்றுதான் கண்டுகொண்டார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை அந்தக் காட்சியில்தான் வயதுக்கு வந்தது என்பது என் முடிவு.

'தி ஆஃபர்' தொடராக வளர்ந்து, 'ஸ்டெப்டோ அண்ட் சன்' என்ற பெயரில் 1962-லிருந்து 1974 வரை விட்டுவிட்டு வந்தது. நடுவில் நாலாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியும் உண்டு. மொத்தம் 57 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றையும் எழுதியவர்கள் அந்த இருவர் மட்டுமே. 1964 பொதுத்தேர்தல் நாளன்று மாலை ஸ்டெப்டோவின் மறு ஒளிபரப்பு இருப்பதை அறிந்த தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன், தம் கட்சிக்காரர்கள் வாக்களிக்கப் போகாமல் பெட்டி முன் உட்கார்ந்துவிடுவார்கள் என்று அஞ்சி, நேரத்தை மாற்றும்படி பிபிசியின் தலைமை இயக்குநரிடமே பேசினார். பிபிசி நேரத்தைத் தள்ளி வைத்தது. வில்சன் மிகக் குறுகிய பெரும்பான்மையில் பிரதமரானார்.

அடுத்து ஜானி ஸ்பெய்ட். கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகனாக 1920-இல் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனார். ஜாஸ் குழுவில் டிரம் வாசித்தார். நூலகத்தில் பெர்னார்ட் ஷாவைக் கண்டெடுத்த பிறகு எழுதத் தொடங்கினார். கறுப்பின மக்கள் மீது அவருடைய அப்பாவுக்கு இருந்த வெறுப்பு மகனை வாழ்நாள் முழுக்க வருத்தியது. அந்த வருத்தத்திலிருந்துதான் ஆல்ஃப் கார்னெட் வந்தான்.

1965-இல் ஒற்றை நாடகமாகவும் 1966-லிருந்து தொடராகவும் வந்த 'டில் டெத் அஸ் டு பார்ட்'டின் நாயகன் இந்த ஆல்ஃப். வாப்பிங்கில் ஒரு சின்ன வீடு. தொழிலாளியாக இருந்துகொண்டே கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களிப்பவன், ராணியைக் கும்பிடுபவன், வெஸ்ட் ஹாம் கால்பந்து அணிக்காக உயிரை விடுபவன். கறுப்பர், யூதர், கத்தோலிக்கர், சோஷலிஸ்ட் என்று யாரையும் விட்டுவைக்காமல் ஏசுவான். மனைவி எல்ஸை வாய்க்கு வாய் திட்டுவான். மகள் ரீட்டாவும் லிவர்பூல்காரனான மருமகன் மைக்கும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். வாடகை கொடுத்துத் தனியே போக அவர்களுக்கு வழியில்லை. ஆல்ஃபாக நடித்த வாரன் மிட்செல் யூதர். நாற்பது வயதை ஒட்டியிருந்தவர், வழுக்கையும் மீசையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பழைய காலத்து மனிதராகவே மாறிவிட்டார். மருமகனை ஆல்ஃப் ஏசும் சொற்களைத் தொலைக்காட்சியில் கேட்ட மங்கீஸ் குழுவின் மிக்கி டோலென்ஸ், பொருள் தெரியாமலே அவற்றைத் தம் பாட்டுக்குத் தலைப்பாக்கினார். பிரிட்டனில் 1967-இல் அந்தப் பாட்டைப் பெயர் மாற்றித்தான் வெளியிட முடிந்தது.

தொலைக்காட்சி ஒழுக்கத்துக்காக இயக்கம் நடத்திய மேரி ஒயிட்ஹவுஸ், ஆல்ஃபின் வசைச் சொற்களுக்கு எதிராக ஓயாமல் போராடினார். ஸ்பெய்ட் 1967-இல் ஒரு கதையில் ஆல்ஃப் அவருடைய புத்தகத்தையே ரசித்துப் படிப்பதுபோல எழுதினார். எதிரியைத் தன் பாத்திரத்தின் ஆதர்சமாக ஆக்கிவிட்ட அந்தத் துணிச்சல், ஒரே கை எழுதும் தொடரில்தான் சாத்தியம். ஆனால் அதே கைதான் 1969-இல் 'கறி அண்ட் சிப்ஸ்' என்ற தொடரையும் எழுதியது. அதில் ஸ்பைக் மில்லிகன் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிப் பாகிஸ்தானியாக நடித்தார். ஆறே நிகழ்ச்சிகளோடு அதை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரி. வெறுப்பை அம்பலப்படுத்துவதற்கும் அதைக் கடைபரப்புவதற்கும் இடையே உள்ள கோடு எத்தனை மெல்லியது என்பதற்கு ஸ்பெய்டின் இந்த இரண்டு தொடர்களுமே சாட்சி.

இனி கடல் தாண்டுவோம்.

நார்மன் லியர் 1922-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வயதானபோது போலிப் பத்திரங்கள் விற்க முயன்ற குற்றத்துக்காக அப்பா ஹெர்மன் சிறைக்குப் போனார். வீடு திரும்பிய பிறகும் அந்த மனிதரின் குரல்தான் வீட்டில் ஓங்கி ஒலித்தது. மனைவியை வாயை மூடச் சொல்வார். மகனை, உலகத்திலேயே சோம்பேறி வெள்ளைக்காரப் பையன் என்பார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் 52 முறை பறந்து திரும்பிய லியர், அறுபதுகளில் பட் யார்கினோடு கூட்டுச் சேர்ந்து படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். லண்டனில் ஒரு தொடரில் மாமனாரும் மருமகனும் அரசியலுக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்ற பத்திரிகைக் குறிப்பு அப்போது கண்ணில் பட்டது. தன் வீட்டுக் கதையை எவரோ லண்டனில் எழுதிவிட்டார் என்றே அவருக்குத் தோன்றியது. அமெரிக்க உரிமையை வாங்கினார்.

ஆக, ஆல்ஃபுக்குப் பின்னால் ஒரு நிஜ அப்பா. அந்த உரிமையிலிருந்து பிறந்த 'ஆல் இன் த ஃபேமிலி'யின் நாயகன் ஆர்ச்சி பங்கருக்குப் பின்னாலும் ஒரு நிஜ அப்பா. ஸ்பெய்ட் தன் அப்பாவை மன்னிக்கவில்லை. லியர் மன்னிக்க விரும்பினார். இரண்டு தொடர்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் இங்கேயே முடிந்துவிடவில்லை.

1968-லும் 1969-லும் ஏபிசி நிறுவனத்துக்காக லியர் இரண்டு முன்னோட்டங்கள் எடுத்தார். கிட்டத்தட்ட ஒரே கதைவசனம்தான் இரண்டுக்கும். ஆர்ச்சியாக நடிக்க மிக்கி ரூனியைக் கேட்டு, அவர் மறுத்தபின் கேரல் ஓ'கானர் வந்தார். மனைவி எடித்தாக ஜீன் ஸ்டேபிள்டன். ஏபிசி இரண்டு முறையும் வேண்டாம் என்றது. அப்போது சிபிஎஸ் தொலைக்காட்சியின் தலைவராக இருந்தவர் ராபர்ட் வுட். கிராமத்துக் கோமாளித் தொடர்களால் சிபிஎஸ் கொழித்துக்கொண்டிருந்த காலம். பார்வையாளர்கள் நிறைய, ஆனால் விளம்பரதாரர்கள் தேடிய நகரத்து இளைஞர்கள் அவர்களில் குறைவு. அதனால் 'பெவர்லி ஹில்பில்லீஸ்', 'க்ரீன் ஏக்கர்ஸ்' போன்ற நன்றாக ஓடிய தொடர்களையே வுட் 1971-இல் வெட்டி எறிந்தார். அவருக்குப் புதிதாக, சூடாக ஏதாவது தேவைப்பட்டது. சமூக அக்கறையால் மட்டும் ஆர்ச்சி பங்கர் திரைக்கு வரவில்லை. விளம்பரக் கணக்கும் கதவைத் திறந்துவிட்டது.

மகள் குளோரியாவாக சாலி ஸ்ட்ரதர்ஸும் மருமகன் மைக்காக ராப் ரைனரும் சேர, அதே கதைவசனத்தை மூன்றாம் முறையாக எடுத்தார்கள். 1971 ஜனவரி 12 இரவு, நம் பலவீனங்களைச் சிரிப்பால் காட்டுவதே நோக்கம் என்ற முன்னறிவிப்போடு முதல் நிகழ்ச்சி வந்தது. கண்டனங்கள் குவியும் என்று சிபிஎஸ் தொலைபேசிகளில் கூடுதல் ஆட்களை உட்கார வைத்திருந்தது. அழைப்புகள் எதிர்பார்த்த அளவு வரவில்லை, பார்வையாளர்களும் வரவில்லை. மே மாத எம்மி விருதுகளும் கோடைக்கால மறு ஒளிபரப்பும்தான் தொடரைக் காப்பாற்றின. பிறகு தொடர்ந்து ஐந்து பருவங்கள் அதுவே முதலிடம்.

வெள்ளை மாளிகையிலும் அதைப் பார்த்தார்கள். ஆர்ச்சி ஆண்மையின் உருவமாகக் கொண்டாடும் நண்பன் தான் ஓரினச் சேர்க்கையாளன் என்று சொல்லும் நிகழ்ச்சியைப் பற்றி, 1971 மே மாதத்தில் அதிபர் நிக்சன் உதவியாளர்களிடம் எரிச்சலோடு பேசியது அவருடைய சொந்த ஒலிநாடாவிலேயே பதிவாகியிருக்கிறது. லண்டனில் ஒரு வருங்காலப் பிரதமர் தேர்தல் கணக்குக்காக ஒரு நகைச்சுவைத் தொடருக்கு அஞ்சினார். வாஷிங்டனில் ஒரு அதிபர் அதன் கருத்துக்காகவே அஞ்சினார்.

ஆல்ஃபையும் ஆர்ச்சியையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் வழக்கமாக ஒன்று சொல்வார்கள்: ஆங்கிலேயர்களுக்குக் கசப்பு பிடிக்கும், அமெரிக்கர்களுக்கு இனிப்பு பிடிக்கும், அதனால்தான் ஆல்ஃப் கொடியவன், ஆர்ச்சி நல்லவன். இந்த விளக்கம் எனக்கு ஒருபோதும் போதவில்லை. கசப்பை விரும்பாத நாடா அமெரிக்கா? அதன் நாடகங்களையும் நாவல்களையும் படித்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. காரணம் நாட்டின் குணத்தில் இருப்பதைவிட நாட்காட்டியில் இருக்கிறது.

1966 கோடையில் ஆல்ஃப் வந்த முதல் தொடரில் ஏழு நிகழ்ச்சிகள். பத்தாண்டுகளில் எல்லாம் சேர்த்து 50 சொச்சம். பிபிசிக்கு விளம்பரம் கிடையாது. மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பது. எழுத்தாளரிடம் சரக்கு இருக்கும்போது ஒரு தொடர் வரும், தீர்ந்தால் நிற்கும். அமெரிக்காவில் கதை வேறு. 'ஆல் இன் த ஃபேமிலி' முதல் பருவத்தில் 13 நிகழ்ச்சிகளோடு தொடங்கி, இரண்டாம் பருவத்திலேயே 24-க்குப் போனது. எட்டேகால் ஆண்டுகளில் 200-ஐத் தாண்டியது. செப்டம்பரிலிருந்து வசந்தகாலம் வரை வாரம் தவறாமல் வந்தாக வேண்டும். ஒவ்வொரு வாரமும் விளம்பரம் விற்றாக வேண்டும். 100 நிகழ்ச்சிகளை ஒட்டிச் சேர்ந்துவிட்டால் ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்குத் தினசரி மறு ஒளிபரப்புக்காக விற்கலாம். தயாரிப்பாளருக்குப் பெரும்பணம் அங்கேதான்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஆல்ஃப் ஆறேழு வாரம் வந்து, வீட்டையே நாறடித்துவிட்டுப் போய்விடும் விருந்தாளி. போனபின் அவனைப் பற்றிப் பேசிப் பேசி மாளாது. ஆர்ச்சி வருஷத்தில் பாதி நம்மோடு தங்குகிறவன். அப்படித் தங்க வேண்டுமானால் அவனை ஏதோ ஒரு விதத்தில் நமக்குப் பிடித்தாக வேண்டும்.

அந்தப் பிடித்தத்தை லியரும் அவருடைய எழுத்தாளர் குழுவும் வாராவாரம் கட்டினார்கள். முதலில் எடித். எல்ஸ் சலிப்போடு சுருக்கென்று குத்துபவள். கணவன் மீது அவளுக்கு மிச்சமிருந்தது பழக்கம் மட்டுமே. எடித் ஆர்ச்சியை நேசிக்கிறாள். ஜீன் ஸ்டேபிள்டன் அந்த ஓட்டநடையும் கீச்சுக்குரலுமாக நிற்கும்போது, இத்தனை வெள்ளை மனசு நேசிக்கும் ஒருவனிடம் ஏதாவது இருக்கத்தான் வேண்டும் என்று நாம் நம்பிவிடுகிறோம். நிகழ்ச்சி ஒவ்வொன்றும் அவர்கள் இருவரும் பியானோ முன் உட்கார்ந்து பாடுவதில் தொடங்கியது. கணவனும் மனைவியும் சேர்ந்து பாடும் வீட்டை யாராலும் முழுமனதாக வெறுக்க முடியாது.

பிறகு அக்கம்பக்கம். ஆல்ஃப் ஏசும் மனிதர்கள் பெரும்பாலும் அவன் வீட்டுக்குள் வரவில்லை. அவன் வெறுப்பு காற்றோடு சண்டை போட்டது. 1968 ஏப்ரலில் அரசியல்வாதி ஈனாக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசி நாட்டையே கலக்கியபோது, ஆல்ஃபின் வாயிலிருந்து வந்தவையும் பவலின் ஆதரவாளர்கள் தெருவில் கத்தியவையும் ஒன்றுபோலவே ஒலித்தன. பதில் சொல்ல அந்த வரவேற்பறையில் மருமகன் மைக் ஒருவன்தான் இருந்தான். அவனும் வேலைவெட்டி இல்லாமல் மாமனார் சோற்றைத் தின்பவன். ஆர்ச்சிக்கோ பக்கத்து வீட்டிலேயே ஜெஃபர்சன் என்ற கறுப்பினக் குடும்பம் வந்துவிட்டது. ஆர்ச்சி என்ன சொன்னாலும் வாசலில் நின்று பதில் தர ஆள் இருந்தது. 1972 பிப்ரவரியில் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர், ஆர்ச்சி ஓட்டிய வாடகைக் காரில் விட்டுப்போன பையைத் தேடி அந்த வீட்டுக்கு வருகிறார். ஆர்ச்சியின் அபத்தங்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புகைப்படம் எடுக்கும் நொடியில் அவன் கன்னத்தில் முத்தமிடுகிறார். ஸ்டுடியோவில் எழுந்த அந்தச் சிரிப்பு நெடுநேரம் அடங்கவில்லை. ஓ'கானரின் முகத்தில் அந்த நொடியில் ஓடும் அதிர்ச்சி, நடிப்புப் பயிலும் எவரும் பார்க்க வேண்டியது.

வாரம் தவறாமல் கதை வேண்டும் என்றால் ஆட்கள் பெருக வேண்டும். ஆட்கள் பெருகினால் அவர்களுக்கும் தனிக் கதைகள் முளைக்கும். எடித்தின் உறவுக்காரி மாட் 1972-இல் தனித் தொடரானாள். ஜெஃபர்சன் குடும்பம் 1975-இல் மன்ஹாட்டனின் வசதியான அடுக்ககத்துக்குக் குடிபோய், பத்தாண்டு ஓடியது. வாப்பிங்கின் ஒரு அறையிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு பேட்டையே உருவாகிவிட்டது. கறுப்பின நடிகர்களுக்கு அதனால் கிடைத்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. ஸ்பெய்டின் தனிக்குரலில் இது நடந்திருக்க வழியே இல்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்' நாவலை எழுதிய லாரா இசட். ஹாப்சன், 1971 செப்டம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் அதைச் சொன்னார். நிஜ வெறுப்பாளர்கள் வாயில் வரும் மிகக் கொடிய வசைகளை ஆர்ச்சி பேசுவதே இல்லை. மென்மையான சொற்களைக் கொடுத்து அவனை அன்புக்குரியவனாக ஆக்குவது பொய் என்பது அவர் வாதம். இன வெறுப்பும் அன்புக்குரிய குணமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியாது என்றார். லியர் அதே இதழில் பதில் எழுதினார். தன் அப்பாவை அறிந்தவர் வேறென்ன சொல்ல முடியும்? நல்ல மனிதர்களிடமும் வெறுப்பு குடியிருக்கும், அதுதான் சிக்கலே என்பது அவர் கட்சி.

1974-இல் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். இனச் சார்பு குறைந்தவர்களுக்கு ஆர்ச்சி ஒரு கேலிப்பொருள். இனச் சார்பு மிகுந்தவர்களுக்கோ அவன் தங்கள் ஆள். உள்ளதை உள்ளபடி பேசுபவன், வாதத்தில் வெல்பவன். ஒரே நிகழ்ச்சியை இரு சாராரும் ரசித்துச் சிரித்தார்கள். ஆல்ஃபுக்கும் இது நேர்ந்தது. குடியேறிகளை நன்றாக வாங்கு வாங்கினீர்கள் என்று பாராட்ட வந்தவர்களிடம், நாங்கள் கேலி செய்தது உங்களைத்தான் என்று வாரன் மிட்செல் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, வெறுப்பவனைக் கொடியவனாகக் காட்டினாலும் அன்பானவனாகக் காட்டினாலும் அவனைக் கொண்டாட ஒரு கூட்டம் வரத்தான் செய்தது. இந்த வழக்கில் நான் ஹாப்சன் பக்கம் பாதியும் லியர் பக்கம் பாதியும் நிற்கிறேன். ஆனால் சாமி டேவிஸின் முத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் லியர் பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

ஸ்டெப்டோவுக்கு வருவோம். 1965-இலேயே லீ டிரேசி, ஆல்டோ ரே இருவரையும் வைத்து ஒரு அமெரிக்க முன்னோட்டம் எடுத்திருந்தார்கள், ஒளிபரப்பாகவில்லை. லியரோடு கூட்டாளியாக இருந்த பட் யார்கின்தான் சாவியைக் கண்டுபிடித்தார்: குடும்பத்தைக் கறுப்பினத்தது ஆக்குவது. 1970-இல் வந்த 'காட்டன் கம்ஸ் டு ஹார்லெம்' படத்தில் ரெட் ஃபாக்ஸ் பழைய சாமான் வியாபாரியாக வந்திருந்தார். மதுவிடுதி மேடைகளில் பச்சை பச்சையாகப் பேசிச் சிரிக்க வைத்தே பெயர் எடுத்தவர். அவருடைய நிஜக் குடும்பப் பெயரே சான்ஃபர்ட்தான். பாத்திரத்துக்குச் சூட்டிய ஃப்ரெட் சான்ஃபர்ட் என்பது அவர் சொந்த அண்ணனின் பெயர்.

1972 ஜனவரியில் 'சான்ஃபர்ட் அண்ட் சன்' தொடங்கியபோது ஃபாக்ஸுக்கு வயது 49. பத்து ஆண்டுகளுக்கு முன் அதே ஜனவரியில் ஆல்பெர்ட் ஸ்டெப்டோவாக முதலில் தோன்றிய வில்ஃப்ரிட் பிராம்பெல்லுக்கும் வயது 49. இரண்டு நடிகர்களும் கிழவர்களாகவே மனதில் பதிந்துவிட்டார்கள். தொடக்க காலக் கதைகள் பலவும் கால்டன், சிம்ப்சன் எழுதியவற்றின் தழுவல்களே. முதல் நிகழ்ச்சியே, ஒரு பீங்கான் பொம்மையை ஏலத்தில் விற்கப் போய் ஏமாறும் பழைய ஸ்டெப்டோ கதை.

ஆனால் மகன் மாறிவிட்டான். ஹெரால்டு சிறைப்பட்டவன், மேல்வர்க்கத்து ரசனையை எட்டிப் பிடிக்க முயன்று ஒவ்வொரு வாரமும் தோற்பவன். அவனுடைய துக்கம் முழுவதும் ஆங்கிலேய வர்க்க அமைப்பின் துக்கம். வாட்ஸில் அது எடுபடாது. 1965 ஆகஸ்டில் 34 உயிர்களைப் பறித்த கலவரம் நடந்து ஆறரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அங்கே தகப்பனையும் மகனையும் அடைத்து வைத்திருந்தது வர்க்கக் கூச்சம் அல்ல, நிறம். அந்தச் சுவருக்கு வெளியே நிற்பவர்களைப் பார்த்து இருவரும் சேர்ந்தே சிரிக்க முடிந்தது. டெமண்ட் வில்சன் நடித்த லமாண்ட் அப்பாவோடு எவ்வளவு மல்லுக்கட்டினாலும் அவரை நேசிக்கிறான் என்பதில் நமக்குச் சந்தேகமே வராது. மகன் கிளம்புகிறேன் என்றாலே ஃப்ரெட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் செத்துப்போன மனைவி எலிசபெத்தைக் கூப்பிடுவார், இதோ வருகிறேன் என்று. இதே வேலையைத்தான் ஆல்பெர்ட்டும் செய்தான். பிள்ளையைப் போகவிடாமல் தடுக்கும் சூழ்ச்சி. லண்டனில் அது வயிற்றைப் பிசைந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஜனங்கள் அதற்காகவே காத்திருந்து கைதட்டினார்கள். ஏறத்தாழ 135 நிகழ்ச்சிகள் ஓடிய தொடரில் ஹெரால்டின் அழுகைக்கு இடமே கிடையாது. வாராவாரம் ஒரு மகன் உடைந்து அழுவதை எந்த நாட்டுக் குடும்பமும் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொண்டிருக்காது.

ஃபாக்ஸ் தன் மேடைத் தோழர்களையும் உள்ளே கொண்டுவந்தார். சிறுவயதிலிருந்தே தெரிந்த லவாண்டா பேஜ், 'ஆன்ட் எஸ்தர்' பாத்திரமாக வந்து அவரை வறுத்தெடுத்தார். இரண்டாம் பருவத்தில் ரிச்சர்ட் பிரையரும் பால் மூனியும் கதை எழுதினார்கள். அப்போதிலிருந்து ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷின் வாடை மறைந்து, மேடைகளில் மட்டும் கேட்டுவந்த கறுப்பினச் சிரிப்பு முழுக்குரலில் வந்தது. மூலத்துக்கு விசுவாசம் இல்லை என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; மூலத்தை மறந்த இடத்தில்தான் அந்தத் தொடர் உயிர் பெற்றது.

இதே நாட்காட்டிக் கணக்கு 2005-இல் 'தி ஆஃபிஸ்' அமெரிக்காவுக்குப் போனபோதும் திரும்ப வந்தது. முதல் பருவம் பிரிட்டனைப்போல ஆறே நிகழ்ச்சிகள். முதல் நிகழ்ச்சி ஏறக்குறைய நகல். இரண்டாம் பருவம் 22. அந்த இடைவெளியில் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டைக் கொஞ்சம் நேசிக்கத்தக்கவனாக மாற்றியாக வேண்டியிருந்தது. அந்த எழுத்தாளர் அறையில், சொக்கலிங்கம் என்ற தன் தமிழ்த் தகப்பனாரின் பெயரிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் பெயரில் வைத்துக்கொண்ட மிண்டி காலிங் இருந்தார். 2006-இல் தீபாவளியைப் பற்றி ஒரு நிகழ்ச்சியே எழுதினார். அந்தக் கதைக்கு இந்தத் தொடரில் தனி அத்தியாயம் உண்டு.

1979-இல் 'ஆல் இன் த ஃபேமிலி' முடிந்து, மதுக்கடை நடத்தும் ஆர்ச்சியின் கதையாக 'ஆர்ச்சி பங்கர்ஸ் பிளேஸ்' தொடர்ந்தது. ஸ்டேபிள்டன் போதும் என்று விலகியதால், 1980-இல் எடித் தூக்கத்தில் இறந்துபோனதாகக் கதை நகர்ந்தது. ஓ'கானர் ஒற்றை ஆளாக அந்த நிகழ்ச்சியைத் தாங்கினார். தாய் இல்லாமல் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த உறவுக்காரச் சிறுமி ஸ்டெஃபனி யூதக் குழந்தை. யூதர்களை வாய்க்கு வாய் ஏசிய ஆர்ச்சி அவளைத் தன் மகளாக வளர்க்கிறான். கடையில் அவனுக்குக் கூட்டாளியாக வந்தவரும் ஒரு யூதர்தான்.

1985-இல் ஆல்ஃபும் திரும்பி வந்தான், 'இன் சிக்னெஸ் அண்ட் இன் ஹெல்த்' தொடரில். எல்ஸ் சக்கர நாற்காலியில்; ஆல்ஃப் முணுமுணுத்துக்கொண்டே தள்ளுகிறான். 1986-இல் எல்ஸாக நடித்த டேண்டி நிக்கல்ஸ் இறந்தார். எல்ஸும் இறந்ததாக ஸ்பெய்ட் எழுதினார். வீட்டு உதவிக்கு நகராட்சி வின்ஸ்டன் என்ற கறுப்பின ஓரினச் சேர்க்கையாளரை அனுப்பியது. ஆல்ஃப் சமைத்ததைச் சாப்பிட்டான், துவைத்ததை உடுத்தினான், ஏசுவதை மட்டும் நிறுத்தவில்லை. 1992 வரை ஒரு சொல்கூட மாறவில்லை. ஸ்பெய்ட் 1998-இல் காலமாகும்வரை தன் பாத்திரத்துக்கு மன்னிப்பு வழங்க மறுத்தார். அவருக்கு அந்த உரிமை இருந்தது. அவரை யாரும் ஆண்டுக்கு 24 வாரம் எழுதச் சொல்லவில்லை.

இந்தக் கணக்கு பொய்த்துப்போன இடம் ஒன்று உண்டு. டார்கீ என்ற கடற்கரை ஊரில் உள்ள ஒரு விடுதியைப் பற்றிய பிரிட்டிஷ் தொடர் அது: 1975-இல் ஆறு நிகழ்ச்சி, 1979-இல் ஆறு நிகழ்ச்சி, மொத்தம் பன்னிரண்டு. அமெரிக்கா அதை மூன்று முறை எடுத்துப் பார்த்தது. ஒரு முறை விடுதிக்காரன் பேசிலையே தூக்கிவிட்டு ஒரு பெண்மணியை அந்த இடத்தில் உட்கார வைத்தது. மூன்றும் தோற்றன. விளம்பரப் பணம், எழுத்தாளர் குழு, தேர்ந்த நடிகர்கள் எல்லாம் இருந்தும் ஏன் தோற்றன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)